“நாமினி யாருன்னு போடுறது அண்ணா?” – ஹோம்ல வளர்ந்து 18 வயசுல வெளிய வர்றவங்களுக்கு நாம என்ன செய்யலாம்?



ராத்திரி பத்தரை மணி. வீடியோ எடிட்டிங்ல உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பிகிட்ட இருந்து போன். மறுநாள் காலைல அவனுக்கு முதல் வேலை, முதல் நாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரி பாகம் செய்யுற ஒரு கம்பெனி. எச்ஆர் கொடுத்த ஃபார்மை நிரப்பிட்டு இருக்கான்.

“அண்ணா, நாலு கட்டம் காலியா இருக்கு. நிரந்தர முகவரி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர், அப்பா போன் நம்பர், பிஎஃப் நாமினி. இதுல யாரைப் போடுறது?”

நாமினி பத்தி நம்ம சேனல்ல எத்தனை வீடியோ போட்டிருப்பேன்! “உடனே போய் நாமினி அப்டேட் பண்ணுங்க, அப்பா அம்மா இல்லன்னா மனைவி பேரைப் போடுங்க”ன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிடுவேன். அன்னைக்கு அந்த ஒரு வரிக்கு என்கிட்ட பதில் இல்ல. ஏன்னா, அந்தத் தம்பி ஆறு வயசுல இருந்து ஒரு குழந்தைகள் இல்லத்துல வளர்ந்தவன். நாம சாதாரணமா ‘ஹோம்’னு சொல்வோமே, அது.

இந்தக் கட்டுரை அவனைப் பத்தினது மட்டும் இல்ல. ஹோம்ல இருந்து 18 வயசுல வெளிய வர்ற பசங்களுக்கு நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்க எப்படித் துணையா நிக்கலாம், எதைச் செய்யக்கூடாது, நான் எங்க சொதப்பினேன், எல்லாத்தையும் சொல்றேன்.

நமக்கு இருக்கிற, கணக்குல வராத எமர்ஜென்சி ஃபண்ட்

முதல்ல நம்ம கதையை யோசிச்சுப் பாருங்க. முதல் வேலைக்கு வந்தப்போ ரூம் அட்வான்ஸ் யார் கொடுத்தா? சம்பளம் பத்து நாள் லேட்டானப்போ என்ன பண்ணோம்? டைபாய்டு வந்தப்போ எந்த பஸ் ஏறினோம்? பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்: ஊர்ல வீடு இருந்துச்சு.

எமர்ஜென்சி ஃபண்ட்னா ஆறு மாசச் செலவுன்னு கணக்கு போடுறோம். ஆனா அதுக்கும் கீழ அப்பா அம்மான்னு இன்னொரு ஃபண்ட் இருக்கு. எந்த எக்ஸெல் ஷீட்லயும் அதுக்கு வரிசை கிடையாது. வட்டி இல்ல, இஎம்ஐ இல்ல, கொஞ்சம் திட்டு மட்டும் உண்டு.

ஹோம்ல வளர்ந்தவங்களுக்கு அந்த ஃபண்ட் 18-வது பிறந்த நாளோட முடிஞ்சிடுது. வெளிநாடுகள்ல இந்த மாதிரி பசங்க நிறைய பேர் ‘ஃபாஸ்டர்’ குடும்பத்துல வளர்றாங்க. நம்ம நாட்டுல வளர்ப்புப் பராமரிப்புக்குச் சட்டத்துல இடம் இருந்தாலும், நடைமுறையில ஹோம்தான் அதிகம். அங்க சாப்பாட்டுக்கு மணி அடிக்கும், சோப்பு தருவாங்க, ஸ்கூல் ஃபீஸ் கட்டிடுவாங்க. பன்னிரண்டு வருஷம் ஒருத்தன் கையில பணம் பிடிக்காமலே வளர்றான். திடீர்னு ஒரு நாள் ‘இனி நீயே பாத்துக்கோ’.

சட்டம் என்ன சொல்லுது?

இளைஞர் நீதிச் சட்டம், 2015. இதோட 46-வது பிரிவுதான் நமக்கு முக்கியம். இல்லத்தை விட்டு 18 வயசு முடிஞ்சு வெளிய போறவங்க சமூகத்துல காலூன்றுறதுக்குப் பண உதவி ‘வழங்கப்படலாம்’னு அது சொல்லுது. ‘வழங்கப்பட வேண்டும்’னு இல்ல, கவனிங்க. இதுக்குப் பேர் ‘ஆஃப்டர் கேர்’, அரசுத் தமிழ்ல பிற்காப்பு. சாதாரணமா 21 வயசு வரைக்கும். மத்திய அரசோட 2016 மாதிரி விதிகள்படி, விதிவிலக்கான சூழ்நிலையில இன்னும் ரெண்டு வருஷம், அதாவது 23 வரைக்கும் நீட்டிக்கலாம்.

மிஷன் வாத்சல்யா திட்டத்தோட வழிகாட்டுதல்ல பிற்காப்புக்கு மாசம் 4,000 ரூபாய்னு இருக்கு. இது தானா வந்து அக்கவுண்ட்ல விழாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு ஆபீஸ் இருக்கு. அது மூலமா விண்ணப்பிக்கணும், ஒப்புதல் கிடைக்கணும்.

தம்பி விஷயத்துல அந்த விண்ணப்பம் போகவே இல்ல. அவனுக்கு 18 முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சுதான் எனக்கே இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சது. எட்டு மாசம்னா 32,000 ரூபாய். கேட்டிருந்தா கட்டாயம் கிடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா யாரும் கேட்கவே இல்லையே! ஐடிஐ படிச்சுக்கிட்டே சாயங்காலம் ஒரு கடையில மூட்டை தூக்கின பையனுக்கு 32,000 எவ்வளவு பெரிய தொகை!

இதைக் கேட்கிறதுக்குத்தான் ஒரு பெரிய ஆள் பக்கத்துல வேணும். வழிகாட்டின்னா மேடை ஏறி ‘கனவு காணுங்க’ன்னு பேசுறவர் இல்ல. சரியான கவுண்டர்ல சரியான கேள்வியைக் கேட்கிறவர்.

18-க்கு முன்னாடி முடிக்க வேண்டிய பேப்பர் வேலை

நான் முதல் தடவை அந்த ஹோமுக்குப் போனது ‘பண வகுப்பு’ எடுக்க. கூட்டு வட்டி, எஸ்ஐபி எல்லாம் போர்டுல எழுதினேன். கடைசியில ஒரு பையன் எழுந்து, “அண்ணா, என் ஆதார்ல ஹோம் ஆபீஸ் நம்பர்தான் இருக்கு. ஓடிபி அங்கதான் போகும். வெளிய போனதும் என்ன பண்றது?”ன்னு கேட்டான். கேட்டது இதே தம்பிதான். என் வகுப்பு அங்கயே முடிஞ்சது. உண்மையான வேலை அங்க ஆரம்பிச்சது.

நாங்க சேர்ந்து போட்ட லிஸ்ட் இது. உங்களுக்கும் உதவும்:

1. ஆதார் நம்பரும் முகவரியும்: சொந்த சிம் வாங்கின உடனே ஆதார் மையத்துக்கு நேர்ல போய் மொபைல் நம்பரை மாத்தினோம். 15 வயசுல கட்டாயமா செய்ய வேண்டிய கைரேகை, கருவிழி புதுப்பிப்பு நடந்திருக்கான்னும் பாருங்க.

2. பேங்க் அக்கவுண்ட்: மைனர் அக்கவுண்ட் 18 முடிஞ்சதும் அப்படியே ஓடாது. புதுசா கேஒய்சி, புது கையெழுத்து கேட்பாங்க. பாஸ்புக்கும் ஏதாவது டெபாசிட் ரசீது இருந்தா அதுவும் கைக்கு வரணும். முதல் தடவை பிராஞ்சுக்குக் கூடவே போங்க.

3. பான் கார்டு: மைனரா இருந்தப்போ எடுத்திருந்தா அதுல போட்டோ, கையெழுத்து இருக்காது. 18-க்கு அப்புறம் மாத்தணும். அம்மா மட்டும் வளர்த்த பிள்ளைகள் அப்பா பேர் இல்லாம விண்ணப்பிக்க 2018 டிசம்பர்ல இருந்து வழி இருக்கு.

4. பாஸ்போர்ட்: பிறப்புச் சான்று இல்லாத ஆதரவற்ற பிள்ளைகளுக்கு, ஹோம் தலைவர் லெட்டர்ஹெட்ல பிறந்த தேதியை உறுதிப்படுத்திக் கொடுத்தா ஏத்துக்கலாம்னு 2016 டிசம்பர்லயே வெளியுறவு அமைச்சகம் அறிவிச்சது.

5. சாதிச் சான்றிதழ்: இது பல பேருக்குத் தெரியாது. பத்து வயசுக்குள்ள பெற்றோரை இழந்து, வேற ஆதரவும் இல்லாம, அரசு அல்லது அரசு அங்கீகரிச்ச இல்லத்துலயோ பள்ளியிலயோ சேர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டோட பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல ஒரு தனிப் பிரிவா இருக்காங்க. அரசு வேலை, காலேஜ் அட்மிஷன் ரெண்டுக்கும் இது முக்கியம்.

6. படிப்பு உதவி: அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னிரண்டு வரை படிச்சுட்டு மேல படிக்கிறவங்களுக்கு மாசம் 1,000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

முதல் சம்பளம்: எங்க கணக்கு

தம்பிக்குச் சம்பளம் 16,000. அதுல அடிப்படைச் சம்பளம் 12,000. பிஎஃப் 12 சதவீதம் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 120. கைக்கு வந்தது 14,440. “1,560 ரூபாய் திருடிட்டாங்க அண்ணா”ன்னு போன் பண்ணான். சிரிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சேன், பிஎஃப்னா என்னன்னு எனக்கு என் அப்பா சொன்னாரு. இவனுக்கு யார் சொல்லியிருப்பா?

செலவு இப்படி: சாப்பாட்டோட ஹாஸ்டல் 7,000. பஸ் 1,000. போன் 300. துணி, சோப்பு, முடி வெட்டுறது 1,200. சினிமா, டீ, வெளிய சாப்பாடு 1,000. மொத்தம் 10,500. மிச்சம் 3,940.

ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட்னா 63,000. மாசம் 3,000 போட்டா 21 மாசம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்கச் சொன்னா யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால முதல் இலக்கைச் சின்னதாக்கினோம்: ஒரு மாசச் செலவு 10,500. நாலாவது மாசம் அது முடிஞ்சிடும். அடுத்த இலக்கு, ஹாஸ்டல் மாத்த வேண்டி வந்தா கொடுக்க வேண்டிய அட்வான்ஸ். அதோட வருஷத்துக்கு 20 ரூபாய்ல ரெண்டு லட்சம் விபத்துக் காப்பீடு, பிரதமர் சுரக்ஷா பீமா. இஎஸ்ஐ அட்டை இருக்கிறதால மருத்துவச் செலவுக்கு உடனே தனி பாலிசி எடுக்கல.

இதுவரைக்கும் சரி. நான் சொதப்பினது இதுக்கு அப்புறம்தான்.

நான் பண்ண தப்பு

இவ்வளவு சொல்லிட்டு நானே ஆர்வக்கோளாறுல முதல் மாசமே மிச்சத்துல 2,000 ரூபாய்க்கு ஒரு எஸ்ஐபி போட வெச்சுட்டேன். ‘இருபது வயசுக்குள்ள ஆரம்பிச்சா எவ்வளவு வரும் தெரியுமா’ன்னு கால்குலேட்டர் எல்லாம் காட்டினேன். பேங்க்ல கையிருப்பு சேரவே இல்ல.

மூணாவது மாசம் எனக்கு ஒரு போன் வந்துச்சு. அவன் இல்ல. ஏதோ ஒரு லோன் ஆப் ஆள், அசிங்கமா திட்டுறான். அவனோட அவசர நம்பர் நான்தானே! விசாரிச்சா, தம்பி 6,000 ரூபாய் கடன் எடுத்திருக்கான். கைக்கு வந்தது 4,500. ஒரே வாரத்துல முழுசா கட்டணுமாம். கோயம்புத்தூர்ல இருக்கிற, ஹோம்ல கூட வளர்ந்த நண்பனுக்கு வாடகை கட்ட முடியலன்னு அந்தப் பணத்தை அனுப்பிட்டான்.

நான் கத்தினேன். “திருப்பித் தர முடியாதவனுக்குக் கடன் வாங்கிக் கொடுப்பியா? நாலு மாசமா நான் சொன்னது எதுவுமே மண்டையில ஏறலையா?”ன்னு கேட்டேன். அவன் பதில் பேசல. அதுக்கப்புறம் அஞ்சு வாரம் என் போனை எடுக்கவே இல்ல.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை நேரா ஹாஸ்டலுக்குப் போனேன். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டான்: “அண்ணா, உங்க தம்பி கேட்டா கொடுக்க மாட்டீங்களா?”

அதுக்கு முந்தின மாசம்தான் என் தங்கச்சி பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்கு 40,000 கொடுத்திருந்தேன். எக்ஸெல் போடல, எப்போ வரும்னு கேட்கல. குடும்பம்னா அப்படித்தானே? ஒரே ஹால்ல பாய் போட்டுப் பன்னிரண்டு வருஷம் பக்கத்துல படுத்தவன்தான் அவனோட குடும்பம். நான் ‘வாராக் கடன்’னு பார்த்தேன். அவன் ‘வீட்டுக்குப் பணம் அனுப்பினேன்’.

தப்பு அவன் கொடுத்ததுல இல்ல, கொடுக்கிறதுக்குன்னு பட்ஜெட்ல இடம் இல்லாததுல இருந்தது. எஸ்ஐபியை நிறுத்தினோம். ‘வீட்டுக்கு – 500’னு ஒரு வரி சேர்த்தோம். அது தனி அக்கவுண்ட்ல சேரும். யாராவது கேட்டா அதுல இருக்கிற வரைக்கும் தாராளமா கொடுக்கலாம், அதுக்கு மேல இல்ல. லோன் ஆப்ல கைக்கு வந்த அசலை அடைச்சோம். மிரட்டலுக்கு 1930 சைபர் க்ரைம் நம்பர்ல புகார் பண்ணோம். உங்க போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்டைக் கடன் ஆப்கள் எடுக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க.

கையில மொத்தமா பணம் வர்றவங்களுக்கு

கொரோனாவுல ரெண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021-ல தலா 5 லட்சம் டெபாசிட் அறிவிச்சது. 18 முடியும்போது வட்டியோட கிடைக்கும். பிஎம் கேர்ஸ் திட்டத்துல 10 லட்சம் நிதி. 18-ல இருந்து 23 வரை மாச உதவித்தொகை, 23 முடிஞ்சதும் மொத்தத் தொகை. அன்னைக்கு 14 வயசு பிள்ளைக்கு 2025-லயே 18 ஆயிடுச்சு. அதனால இது இப்போ நடக்கிற விஷயம்.

பணம் வர்ற மாசம், காணாமப் போன சொந்தக்காரங்களும் வருவாங்க. பைக் ஷோரூம்காரர் வருவார். பாலிசி விக்கிறவர் வருவார். அப்போ நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: “ஆறு மாசம் தொடாதே.” எஃப்டில கிடக்கட்டும். ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு டெபாசிட் காப்பீடு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். அதனால தொகை அதுக்கு மேல இருந்தா ரெண்டு பேங்க்ல பிரிச்சுப் போடச் சொல்லுங்க. ஃபண்டு, பங்குச் சந்தை எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

நீங்க வழிகாட்டியா வரணும்னா

- நேரா போய் நிக்காதீங்க. பதிவு செய்யப்பட்ட இல்லம், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமா மட்டும் போங்க. அடையாளச் சரிபார்ப்பு கேட்டா கோபப்படாதீங்க. அது பிள்ளைகளோட பாதுகாப்புக்கு.

- போட்டோ வேண்டாம். 18-க்குக் கீழ உள்ளவங்களோட அடையாளத்தை வெளியிடுறது அந்தச் சட்டத்தோட 74-வது பிரிவுப்படி குற்றம். ஆறு மாசம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். 18-க்கு மேல ஆனாலும் அவங்க வாழ்க்கை உங்க ஸ்டேட்டஸ் இல்ல.

- பணத்துக்கு முன்னாடி நேரம். மாசம் ரெண்டு போன், ஒரு சந்திப்பு. குறைஞ்சது ரெண்டு வருஷம். முடியாதுன்னா ஆரம்பிக்காதீங்க. வந்துட்டுக் காணாமப் போன பெரியவங்களை அவங்க ஏற்கனவே நிறையப் பார்த்தாச்சு.

- கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடாதீங்க, அந்த முழுத் தொகையையும் நீங்களே கட்டத் தயாரா இருந்தா தவிர. கொடுக்கணும்னு தோணினா, திரும்பி வராதுன்னு நினைச்சுக் கொடுக்கிற அளவுக்கு மட்டும் கொடுங்க.

- அவங்க பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், ஓடிபி எதுவும் உங்களுக்குத் தெரியக்கூடாது. அவங்க அக்கவுண்ட்ல நீங்க நாமினியாவும் இருக்கக்கூடாது.

- அவசர நம்பரா இருங்க. இது பைசா செலவில்லாதது. ஆனா அந்தக் கட்டத்துல ஒரு நம்பர் எழுத முடியுறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு நான் நேர்ல பார்த்தேன்.

அந்த நாலு கட்டம் என்ன ஆச்சு?

நிரந்தர முகவரிக்கு, ஹோம்ல அனுமதி வாங்கி அந்த முகவரியையே போட்டோம். அவசர நம்பர், என்னோடது. அப்பா போன் நம்பர் கட்டத்துல ஒரு கோடு. “எச்ஆர் கேட்டா நேரா பார்த்து ‘இல்லைங்க’ன்னு சொல்லு, அதுல வெட்கப்பட எதுவும் இல்ல”ன்னு சொன்னேன். எச்ஆர் கேட்கவே இல்லையாம்.

நாமினி கட்டம் மட்டும் அன்னைக்குக் காலியாவே போச்சு. பிஎஃப் விதியில ‘குடும்பம்’னா மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கிற பெற்றோர்னு ஒரு கணக்கு. குடும்பமே இல்லாதவங்க யாரை வேணும்னாலும் நாமினியா போடலாம். கல்யாணம் ஆனா அது செல்லாது, புதுசா போடணும். இதை நான் படிச்சுச் சொன்னப்போ, “யோசிச்சுச் சொல்றேன் அண்ணா”ன்னுட்டான்.

அந்த டீக்கடைப் பேச்சுக்கு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ஆன்லைன்ல ‘குடும்பம் உண்டா?’ங்கிற கேள்விக்கு ‘இல்லை’ன்னு கொடுத்திருந்தான். அதுக்குக் கீழ நாமினி பேர், நூறு சதவீதம். அந்தப் பணத்தை இன்னும் திருப்பித் தராத கோயம்புத்தூர் நண்பன்.

நான் ஒண்ணும் சொல்லல. ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டேன்.

உங்க மாவட்டத்துல இருக்கிற குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்க இருக்குன்னு இந்த வாரம் ஒரு தடவை தேடிப் பாருங்க. பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ்ல கேட்டாலே சொல்லிடுவாங்க. போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு: உங்க பிஎஃப் நாமினி கட்டம் காலியா இருந்தா, இன்னைக்கே நிரப்புங்க. போடுறதுக்கு ஒரு பேர் இருக்குங்கிறதே எவ்வளவு பெரிய சொத்துன்னு இப்போ நமக்குத் தெரியுமே.

அடுத்த கட்டுரையில சந்திப்போம்.